ஒரு பஞ்சு இழைக்குள் நடக்கும் நிர்வாகம்

அறக்கட்டளைச் சொற்பொழிவு, திருப்பூர்



பேச அழைத்தபோது அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். பேச்சு அறிவியலாக இருக்க வேண்டும். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்கும் அது புரிய வேண்டும். யார் நினைவாக இந்தக் கூட்டம் நடக்கிறதோ அந்தப் பெரியவர் ஆயுள் முழுக்கச் சாயத்தோடு மல்லுக்கட்டியவர். புரியாத பேச்சை அவர் எழுந்து நின்றே நிறுத்திவிடுவார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பயத்தோடுதான் தொடங்குகிறேன்.

மரபணு என்றால் நம் பக்கத்தில் இரண்டு பேச்சுதான் அடிபடும். சொந்தத்தில் பெண் எடுத்தால் பிள்ளைக்குக் குறை வருமா என்பது ஒன்று. பி.டி. பருத்தி நல்லதா கெட்டதா என்பது மற்றொன்று. இரண்டிலுமே மரபணு இருக்கிறதா, இல்லையா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. இருக்கும் மரபணு வேலை செய்கிறதா, எந்த உறுப்பில் செய்கிறது, எத்தனையாவது நாளில் தொடங்குகிறது, எப்போது ஓய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உயிரியலில் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளின் பெரிய வேலையெல்லாம் இந்தக் கேள்விகளில்தான் நடந்திருக்கிறது. திருப்பூர்க்காரருக்கு வரும் லாபத்திலும் நஷ்டத்திலும் இந்தக் கேள்விகளுக்குப் பங்கு உண்டு. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டிங் செக்‌ஷன் சுவரில் அட்டைப் பேட்டர்ன்கள் வரிசையாகத் தொங்கும். ஆர்.என்., ஆர்.என்.எஸ். பனியன்கள், காலர் வைத்த டி-ஷர்ட், குழந்தை ஜட்டி என்று எல்லாமே இருக்கும். ஆனால் இன்றைக்கு மேஜையில் விரித்த துணியில் எதை வைத்து வெட்டுவது என்பதை ஆர்டர் ஷீட்தான் தீர்மானிக்கும். செல்லும் அப்படித்தான். நம் உடம்பின் கண் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. புரதம் செய்வதற்கான மரபணுக்கள் சுமார் 20,000. கண்ணில் ஒரு கூட்டம் வேலை செய்கிறது, கல்லீரலில் வேறொரு கூட்டம். மற்றவை சுவரில் தொங்குகின்றன.

மரபணுவிலிருந்து முதலில் ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்படுகிறது. அந்த நகலைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. நகல் எடுக்கும் நொதி வந்து உட்கார ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஒரு இடம் உண்டு. அதைப் புரோமோட்டர் என்பார்கள். அந்த இடத்திலும் அதைச் சுற்றியும் சில புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். சில நகலெடுப்பை முடுக்கும், சில தடுக்கும். இதற்கு முன்பே இன்னொரு தடை உண்டு. செடியிலும் மனிதனிலும் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று இறுக்கமாக இருந்தால் மரபணுவை யாரும் வாசிக்க முடியாது. நகல் எடுத்த பிறகும் அந்த ஆர்என்ஏயை நறுக்கிப் போடலாம். புரதம் ஆன பிறகும் அதைச் சிதைக்கலாம். ஆக, ஒரு மரபணு பயனுக்கு வருவதற்குள் அதை நிறுத்த எத்தனையோ இடம் இருக்கிறது.

இதை முதலில் தெளிவாகப் பிடித்தவர்கள் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தவர்கள். ஜாக் மோனோ 1941இல் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வில் ஒரு விசித்திரமான வளர்ச்சிக் கோடு இருந்தது. பாக்டீரியாவுக்கு இரண்டு விதச் சர்க்கரையைக் கலந்து கொடுத்தார். அது இரண்டையும் சேர்த்துத் தின்னவில்லை. பிடித்ததை முதலில் தின்று தீர்த்தது. கொஞ்ச நேரம் வளராமல் சும்மா நின்றது. பிறகுதான் அடுத்ததைத் தொட்டது. அந்தச் சும்மா நின்ற நேரம் ஏன் என்பதே மோனோவின் பிற்காலத்து வேலைக்கெல்லாம் வித்து. நடுவில் உலகப்போர் வந்தது. மனிதர் ஜெர்மானியரை எதிர்த்த தலைமறைவுப் படையில் சேர்ந்துவிட்டு, போர் முடிந்ததும் திரும்பி வந்து அதே கேள்வியை எடுத்தார். 1961இல் பிரான்சுவா ஜாக்கோபோடு சேர்ந்து விடையை எழுதினார். 1965இல் இருவருக்கும் ஆந்த்ரே ல்வோஃபுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

விடை இதுதான். பால் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களுக்கு முன்னால் அடக்கிப் புரதம் ஒன்று உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டிருக்கிறது. பால் சர்க்கரை உள்ளே வந்தால் அதிலிருந்து உண்டாகும் ஒரு சிறு மூலக்கூறு அந்த அடக்கியைப் பிடித்துக்கொள்ளும், அடக்கி நழுவும், மரபணு வேலை தொடங்கும். நொதியின் அளவு ஆயிரம் மடங்கு வரை ஏறும். ஆனால் குளுக்கோஸ் மிச்சம் இருக்கும்வரை பால் சர்க்கரை வந்தாலும் மரபணு முழு வேகத்தில் ஓடாது. எளிய தீனி இருக்கும்போது கடினமான தீனிக்கு நொதி செய்து சக்தியை வீணாக்குவானேன் என்பது பாக்டீரியாவின் கணக்கு. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பயோ வாஷுக்குப் போகும்போது தேவைப்படும்.

இனிப் பருத்திக்கு வருவோம்.

பருத்திப் பூ காலையில் வெளிர் மஞ்சள் கலந்த வெண்மையாக விரியும். மறுநாள் இளஞ்சிவப்பாகிவிடும். அந்த முதல் நாள்தான் முக்கியம். பூவுக்குள், பின்னால் விதையாகப் போகும் சூல்கள் இருக்கின்றன. சூலின் வெளித்தோலில் ஆயிரக்கணக்கான செல்கள். எல்லாம் அண்ணன் தம்பிகள், எல்லாவற்றுக்குள்ளும் ஒரே டிஎன்ஏ. அன்றைக்குத் தோல் செல்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மட்டும் குமிழ் மாதிரி மேலே எழும்பும். எழும்பியது பஞ்சாகும். எழும்பாதது கொட்டையின் தோலாகவே இருந்துவிடும். நீங்கள் நூலாகக் கோனில் சுற்றி வாங்கும் ஒவ்வொரு இழையும் ஒரே ஒரு செல். அது பிளந்து பெருகுவதில்லை, நீளமாக மட்டும் வளர்கிறது. தடிமனைப் போல ஆயிரம், இரண்டாயிரம் மடங்கு நீளம்.

எந்த செல் எழும்புவது என்று யார் சொன்னது? ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தார் 2011இல் ஒரு பதில் கண்டார்கள். எம்ஒய்பி என்ற புரதக் குடும்பத்தில் ஒன்று, மற்ற மரபணுக்களை முடுக்கும் வேலை அதற்கு. அந்த ஒன்றை மட்டும் அடக்கி வைத்துப் பருத்திச் செடி வளர்த்தார்கள். செடி வளர்ந்தது, காய் பிடித்தது, கொட்டை வந்தது. ஆனால் கொட்டை மொட்டையாக இருந்தது, பஞ்சே இல்லை. இழை செய்யும் மற்ற மரபணுக்கள் எல்லாம் அந்தச் செடிக்குள் பத்திரமாகத்தான் இருந்தன. முடுக்குபவன் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

எழும்பிய செல் அடுத்த இருபது நாள் போல நீளும். நீள்வதற்கு உள்ளே அழுத்தம் வேண்டும். சர்க்கரையும் பொட்டாசியமும் உள்ளே ஏறினால் தண்ணீர் கூடவே வரும். செல் உப்பி நீளும். இங்கே ஒரு அழகான ஏற்பாடு இருக்கிறது. பக்கத்து செல்லோடு தொடர்பு வைத்திருக்கும் நுண் துளைகள் பூ விரிந்த பத்தாவது நாள் வாக்கில் அடைத்துக்கொள்கின்றன. அதே சமயத்தில் சர்க்கரையையும் பொட்டாசியத்தையும் உள்ளே இழுக்கும் புரதங்களின் மரபணுக்களும், சுவரை நெகிழ வைக்கும் புரதத்தின் மரபணுவும் உச்சத்தில் ஓடுகின்றன. உள்ளே இழுத்ததெல்லாம் வெளியே ஒழுகாது, அழுத்தம் ஏறும், சுவர் இளகி நீளும். யோங்-லிங் ருவானும் கூட்டாளிகளும் 2001இல் இதைக் காட்டினார்கள். பிறகு வெவ்வேறு பருத்திகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, துளை அதிக நாள் அடைபட்டிருக்கும் இனத்தில் இழை நீளமாக இருப்பது தெரிந்தது.

கோயம்புத்தூர்க்காரர்கள் இதைக் கேட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். 1974இல் அங்கிருந்து வெளிவந்த சுவின், சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட்டையும் ஒட்டி எடுத்த இனம். நாட்டிலேயே மிக நீளமான இழை கொண்ட பருத்திகளில் ஒன்று. 120ஆம் நம்பர் நூல் வரை நூற்கலாம். அது பார்படென்ஸ் என்ற வகையைச் சேர்ந்தது. அதே வகைச் செடிகளில்தான் அந்த நுண் துளைகள் நெடுநாள் மூடிக்கிடக்கின்றன என்று ருவான் குழு பார்த்தது. ஒட்டுக் கட்டிய நம்மூர்ப் பருத்தி விஞ்ஞானிகளுக்கு இந்த மரபணுக் கணக்கெல்லாம் அன்றைக்குக் கிடைக்கவில்லை. இழையை நீட்டிப் பார்த்து, பிரித்துப் பார்த்து, தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது மரபணுக்கள் வேலை செய்யும் நேரத்தையும்தான்.

இப்போது நம் ஊருக்கு நேரடியாகப் பணச்செலவு வைக்கும் கட்டத்துக்கு வருகிறேன். பூ விரிந்த பதினாறாவது நாளிலிருந்து இருபதாவது நாளுக்குள் இழைக்குள் ஆட்சி மாறுகிறது. நீட்டும் மரபணுக்கள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. செல்லுலோஸ் நெய்யும் மரபணுக்கள் கிளம்புகின்றன. செடிகளில் செல்லுலோஸ் நெய்யும் நொதியின் மரபணு முதன்முதலில் பிடிபட்டதே பருத்தி இழையில்தான். 1996இல் கால்ஜீன் நிறுவனத்தில் டேவிட் ஸ்டாக்கரும், கூடவே டெபோரா டெல்மரும் மற்றவர்களும், இழையிலிருந்து எடுத்த ஆர்என்ஏ நகல்களைக் குத்துமதிப்பாக வாசித்துக்கொண்டு போனபோது, பாக்டீரியாவின் செல்லுலோஸ் மரபணுவை ஒத்த ஒன்று கண்ணில் பட்டது. அந்த மரபணு சுவர் தடிக்கும் நேரத்தில்தான் பலமாக ஓடுகிறது என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். இருபதாவது நாளிலிருந்து காய் வெடிக்கும்வரை செல் தன் சுவருக்கு உட்புறமாக அடுக்கடுக்காகச் செல்லுலோஸைப் போட்டுக்கொண்டே போகும். முடிவில் இழையின் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் செல்லுலோஸ். பிறகு செல் செத்துவிடும். காய் வெடித்துக் காயும்போது தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குதான் ஒரு இழை மற்றதைப் பிடித்துக்கொண்டு நூலாக நிற்க உதவுகிறது.

இந்தக் கடைசி இருபது சொச்ச நாளில் செடிக்குத் தண்ணீர் போதவில்லை, இலை உதிர்ந்தது, புழு கடித்தது, இரவில் குளிர் மிஞ்சியது, காய் முற்றும் முன்பே பறித்தார்கள் என்றால் என்ன ஆகும்? நீளம் ஏற்கனவே வந்துவிட்டது. சுவர் மட்டும் தடிக்கவில்லை. அந்தப் பஞ்சு மற்றதோடு கலந்து ஜின்னிங்குக்கும், மில்லுக்கும், நிட்டிங்குக்கும் போய், சாயப்பட்டறைக்கும் வந்துவிடும்.

செக்கிங் மேஜையில் நேவி ப்ளூ சிங்கிள் ஜெர்சியை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்திருக்கிறார்கள். ஷேட் ஒத்திருக்கிறது. ஆனால் துணி முழுக்க ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள். பையரின் ஆள் விரலை வைத்துக் காட்டுகிறார். டையிங் மாஸ்டருக்குப் போன் போகிறது. சோப் சரியில்லை, உப்புப் போட்டது சரியில்லை, சாயம் சரியாகக் கரையவில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம். அந்தப் புள்ளியை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் வையுங்கள். பாலித்தீன் தாள் மாதிரி மெல்லிய, தட்டையான இழைகள் ஒன்றோடொன்று சிக்கி ஒரு முடிச்சாகக் கிடக்கும். டெட் காட்டன் என்று மில்லில் சொல்வது இதைத்தான். ரியாக்டிவ் சாயம் பிடிக்கச் செல்லுலோஸ் வேண்டும். சுவரே தடிக்காத இழையில் எதைப் பிடிக்கும்? வெளிர் நிறத்தில் இது மறைந்துவிடும். நேவியிலும் கருப்பிலும் மாட்டிக்கொள்ளும். மில்காரர் பஞ்சு வாங்கும்போது இழையின் பருமனையும் முதிர்ச்சியையும் காட்டும் மைக்ரோனேர் எண் 3.5க்குக் கீழே போனால் முகம் சுளிப்பது இதனால்தான். சாயப்பட்டறையில் திட்டு வாங்குகிறவர் நியாயமாக அந்தச் செல்லுலோஸ் மரபணுவைக் காட்டிக் கை நீட்டலாம். டெபிட் நோட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லையே என்பதுதான் குறை.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் நகர மனசில்லை. இன்று நாம் நூற்கும் அமெரிக்கப் பருத்தி வகைகள் இரண்டு தாத்தாக்களின் சொத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. பத்து, இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் கருங்கண்ணிக்கு உறவான பழைய உலகப் பருத்தி ஒன்றும், நூற்கத்தக்க இழையே இல்லாத தென் அமெரிக்கக் காட்டுச் செடி ஒன்றும் கலந்தன. அதனால் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரு தரப்பு நகல். 2003இல் ஜோனதன் வெண்டல் குழு ஒரு மரபணுவை எடுத்துப் பார்த்தது. பூவின் சில பாகங்களில் ஒரு தரப்பு நகல் பேசுகிறது, மற்றது மௌனம். வேறு பாகங்களில் தலைகீழ். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் கணக்கு எழுதினால் குழப்பம் என்று செடிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானே பிரித்துக்கொண்டிருக்கிறது.

பி.டி. பருத்தி. இதைத் தொடாமல் போனால் விடமாட்டீர்கள். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நச்சுப்புரத மரபணுவை, காலிஃப்ளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த புரோமோட்டரோடு சேர்த்துப் பருத்திக்குள் வைத்தார்கள். அந்தப் புரோமோட்டர் எங்கும் எப்போதும் ஓடக்கூடியது என்று பெயர் வாங்கியது. 2002 மார்ச் 26 அன்று இந்தியாவில் அனுமதி கிடைத்தது. நாகபுரி மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் கே.ஆர். கிராந்தி குழு இந்தியாவில் விற்ற ஹைப்ரிட்களை எடுத்து, இலை, மொட்டு, பூ, காய்த்தோல் என்று பாகம் பாகமாக நச்சுப்புரதத்தை அளந்தது. 2005இல் வெளியான அந்த முடிவுப்படி இலையில் அதிகம். மொட்டு, காய், பூ என்று இறங்கிக்கொண்டே போகிறது. புழு உண்மையில் கடிக்க வரும் சூலகத்திலும் காய்த்தோலிலும் போதாத அளவு. ஒரு கிராமுக்கு 1.9 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கினால் காய்ப்புழு பிழைத்துக்கொள்ளும். பெரும்பாலான ஹைப்ரிட்களில் விதைத்து 110 நாளுக்கு மேல் அளவு அந்தக் கோட்டுக்குக் கீழே போனது. ஹைப்ரிட்டுக்கு ஹைப்ரிட் வேறுபாடும் இருந்தது.

நான் பி.டி.க்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை, வசைபாடவும் வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுக்கு மேல் மேடை போட்டு நடந்த சண்டையில் இந்த அளவுகள் அடிபட்டது குறைவு. ஆதரித்தவர்கள் "மரபணு இருக்கிறது, புழு சாகும்" என்றார்கள். எதிர்த்தவர்கள் "மரபணு இருக்கிறது, ஆபத்து" என்றார்கள். 120ஆவது நாளில் காய்த்தோலில் எவ்வளவு என்று விதைப் பாக்கெட்டில் எழுதியிருந்தால், மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று விவசாயி தானே முடிவு செய்திருப்பார்.

அடுத்தது, பஞ்சைச் செய்யும் செல்லை விட்டு, பஞ்சைத் தின்னும் செல்லுக்குப் போகிறேன்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை தென் பசிபிக்கில் ஒரு வினோதமான எதிரியைச் சந்தித்தது. கூடாரம், பை, பெல்ட் என்று பருத்தியில் செய்தது எல்லாம் மழைக்காட்டுத் தீவுகளில் கண்ணெதிரே இற்றுப்போனது. சாலமன் தீவுக் கூட்டத்தில் அழுகிய கூடாரத் துணியிலிருந்து எடுத்த ஒரு பூஞ்சைக்கு கியூஎம்6ஏ என்று எண் கொடுத்தார்கள். கியூஎம் என்பது படையின் பண்டகசாலைத் துறையைக் குறிக்கும். எல்வின் ரீஸ் என்ற விஞ்ஞானியிடம் வந்த வேலை, துணியை அழுகாமல் காப்பது எப்படி என்பதுதான். அவரும் மேரி மாண்டல்ஸும் ஆண்டுக்கணக்கில் அதைக் கட்டிக்கொண்டு அழுததில், இந்தப் பூஞ்சை செல்லுலோஸைச் சர்க்கரையாக்கும் நொதிகளைக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்று தெரிந்தது. 1977இல் ரீஸின் பெயரையே பூஞ்சைக்கு வைத்தார்கள்: டிரைக்கோடெர்மா ரீசி. இன்று அதன் நொதியைத்தான் கேனில் வாங்கி, திருப்பூரில் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஊற்றுகிறோம். எதிலிருந்து பருத்தியைக் காப்பாற்றப் படாத பாடு பட்டார்களோ, அதையே காசு கொடுத்து வாங்கிப் பருத்தியைக் கொஞ்சம் தின்ன விடுகிறோம். பயோ வாஷ் என்றாலும் பயோ பாலிஷ் என்றாலும் இதுதான்.

பூஞ்சைக்கு இங்கே ஒரு சிக்கல். பால் சர்க்கரை பாக்டீரியாவுக்குள் நுழையும். நுழைந்து அடக்கியை நழுவ வைக்கும். செல்லுலோஸ் நுழையாது. அது நீண்ட நாரிழை, செல்லுக்கு வெளியேதான் கிடக்கும். வெளியே துணி இருக்கிறது என்று உள்ளே இருக்கும் மரபணுவுக்கு எப்படித் தெரியும்? பூஞ்சை எப்போதுமே மிகக் கொஞ்சம் நொதியைக் கசிய விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் வித்துகளின் மேற்பரப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கொஞ்ச நொதி செல்லுலோஸைத் தொட்டால் சில சிறு சர்க்கரைகள் உடைந்து வரும். அவற்றிலிருந்து உண்டாகும் சோஃபோரோஸ் என்ற சர்க்கரை உள்ளே போய் "தீனி இருக்கிறது" என்று சொல்லும். பிறகு எக்ஸ்ஒய்ஆர்1 என்ற முடுக்கிப் புரதம் மரபணுக்களைக் கிளப்பும். சோஃபோரோஸ் பிடிபட்ட கதையே சுவையானது. குளுக்கோஸ் கொடுத்தால் நொதி வரக்கூடாது. ஆனால் கடையில் வாங்கிய குளுக்கோஸில் வளர்த்தபோது வந்தது. மாண்டல்ஸ் விடாமல் துரத்தினார். குளுக்கோஸில் தூசு மாதிரிக் கலந்திருந்த சோஃபோரோஸ்தான் காரணம் என்று 1962இல் நிறுவினார். சுத்தமான ரசாயனம் வந்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு தள்ளிப்போயிருக்கும். மட்டமான சரக்கு நன்மை செய்த சம்பவம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

பாக்டீரியாவின் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னேன். இந்தப் பூஞ்சையிலும் அதே கணக்கு உண்டு. குளுக்கோஸ் சேர்ந்துவிட்டால் சிஆர்இ1 என்ற அடக்கிப் புரதம் செல்லுலோஸ் உடைக்கும் மரபணுக்களின் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். காட்டில் அது சிக்கனம், தொழிற்சாலையில் இடைஞ்சல். செல்லுலோஸ் உடைந்தால் குளுக்கோஸ் வரும். குளுக்கோஸ் வந்தால் உற்பத்தி நிற்கும். அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பிளாண்ட் மாண்டினிகோர்ட்டும் டக்ளஸ் எவலேயும் புற ஊதா ஒளியும் ரசாயனமும் கொண்டு பூஞ்சையைத் திரும்பத் திரும்ப மாற்றி, அடங்க மறுத்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து 1979இல் வெளியிட்டார்கள். அதன் பெயர் ரட்-சி30. அதற்குள் என்ன மாறியிருக்கிறது என்று பிறகு பார்த்தால், சிஆர்இ1 மரபணு பாதியில் அறுந்து கிடந்தது. பிரேக் போன பூஞ்சை. நொதித் தொழிலில் இந்த வம்சத்துக்குப் பெரிய இடம். டிரைக்கோடெர்மா ரீசியின் முழு மரபணுத்தொகுதி 2008இல் வந்தபோது எல்லோரும் வியந்தது வேறொன்றைப் பார்த்து. செல்லுலோஸ் உடைக்கும் மரபணுக்கள் மற்றப் பூஞ்சைகளைவிட இதில் குறைவாகவே இருந்தன. இதன் பலம் எண்ணிக்கையில் இல்லை, அந்தச் சிலவற்றை ஓட்டும் விதத்தில் இருக்கிறது.

டையிங் மாஸ்டர்களுக்கு மிச்சம் தெரியும். 50, 55 டிகிரி சூடு, அசிட்டிக் ஆசிட் விட்டு பிஎச் 5 பக்கம், முக்கால் மணியோ ஒரு மணியோ. துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நொதியால் பலவீனமாகி, மெஷினின் உரசலில் உதிரும், பில்லிங் குறையும், பனியன் பளபளக்கும். நேரம் தவறினால் நொதிக்குப் பிசிறு எது, நூல் எது என்று பேதமில்லை. எடை மூன்று, ஐந்து சதவீதம் போகும், ஜிஎஸ்எம் இறங்கும், துணி பலமிழக்கும். ஆகவே 80 டிகிரிக்கு ஏற்றியோ காரம் சேர்த்தோ நொதியைக் கொல்கிறீர்கள். பூஞ்சைக்குள் குளுக்கோஸும் சிஆர்இ1உம் பார்த்த வேலையை மெஷின் பக்கத்தில் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துச் செய்கிறீர்கள்.

கொட்டையைப் பற்றியும் கொஞ்சம். நம் கொங்கு வீடுகளில் கறவை மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றுவது பழக்கம். மாடு தாங்கும், கோழியும் மனிதனும் தாங்க மாட்டார்கள். கொட்டையில் காசிப்பால் என்ற நச்சு இருக்கிறது. அதைச் செடியிலிருந்தே ஒழித்தால் பூச்சி இலையை மேய்ந்துவிடும். அமெரிக்காவில் டெக்சாஸில் வேலை செய்யும் கீர்த்தி ரத்தோர் வேறு வழி பார்த்தார். காசிப்பால் செய்யும் நொதியின் ஆர்என்ஏ நகலை நறுக்கும் ஏற்பாட்டை, விதையில் மட்டும் ஓடும் புரோமோட்டரின் கீழ் வைத்தார். 2006இல் வெளியான முடிவில், கொட்டையில் நச்சு வெகுவாகக் குறைந்தது, இலையில் அப்படியே இருந்தது. 2018இல் அமெரிக்க வேளாண் துறை அதைப் பயிரிடத் தடையில்லை என்றது. பி.டி.யில் எங்கும் ஓடும் புரோமோட்டர். இங்கே ஓர் இடத்தில் மட்டும் ஓடுவது. இருபது ஆண்டில் மரபணுத் தொழில்நுட்பம் கற்றுக்கொண்ட பாடம் அந்த வேறுபாட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடைசியாக, தண்ணீர். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்ன நாள் இங்கே யாருக்கும் மறந்திருக்காது. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நடந்ததும் மறக்கக் கூடியதல்ல. அதன் பிறகு கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு ஊரே மாறியது. சுத்திகரிப்பு நிலையத்தின் உயிரியல் தொட்டியில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வேலை செய்கின்றன. அங்கேயும் மோனோவின் கணக்குதான். தொட்டிக்கு வரும் நீரில் அசிட்டிக் ஆசிட் இருக்கும், பயோ வாஷில் உடைந்த சர்க்கரை இருக்கும், சாயமும் இருக்கும். எளிதானதைத் தின்று தீர்க்கும் மரபணுக்கள் முதலில் ஓடும். சாயம் கடைசிவரை அப்படியே கிடக்கும். அசோ சாயத்தின் நிறம் தரும் பிணைப்பை உடைக்கப் பெரும்பாலும் காற்று இல்லாத நிலை வேண்டும். காற்று ஊதும் தொட்டியில் ஆக்சிஜன் இருக்கும்போது பாக்டீரியா தன் எலக்ட்ரானைச் சாயத்துக்குக் கொடுக்காமல் ஆக்சிஜனுக்கே கொடுத்துவிடும். அதனால்தான் உயிரியல் தொட்டி தாண்டிய நீரிலும் நிறம் மிஞ்சுகிறது. நிறத்தை எடுக்கத் தனி வழி வைத்து, அதற்குப் பிறகு ஆர்.ஓ.வுக்கு அனுப்புகிறோம்.

உப்பு இன்னொரு கவலை. ரியாக்டிவ் சாயத்துக்குக் கொட்டும் உப்பு தொட்டிக்குள் ஏறும்போது பாக்டீரியாவிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படும். தாங்கும் வகைகள் உடனே சில மரபணுக்களை முடுக்கி, கிளைசின் பீட்டைன், புரோலின் போன்றவற்றை உள்ளே சேர்த்துக்கொண்டு சமாளிக்கும். மெதுவாக ஏறினால் பழகிக்கொள்ளும். ஒரே நாளில் திடீரென்று ஏறினால் முடுக்குவதற்குள் செத்துவிடும். கருப்பு ஷேடு லாட்கள் ஒரே நாளில் குவிந்தால் தொட்டி கலங்குவதைப் பிளாண்ட் ஆபரேட்டர்கள் அனுபவத்தில் அறிவார்கள். எந்த மரபணு எத்தனை மணி நேரத்தில் கிளம்புகிறது என்று அந்தத் தொட்டியிலேயே ஆர்என்ஏயை எடுத்து அளக்க இன்று கருவிகள் இருக்கின்றன. முதுகலைத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடி சென்னைக்கும் பெங்களூருக்கும் எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்கள், பஸ் ஏறி அருள்புரத்திலோ வீரபாண்டியிலோ உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் ஒரு பாட்டில் சேற்றை வாங்கி வந்து வேலையைத் தொடங்கலாம். குடும்பத்தார் அனுமதித்தால், அடுத்த ஆண்டு இந்த மேடையில் அந்த முடிவைப் பேச அவர்களில் ஒருவரை அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.